சொந்தபந்தம் கூடுற வீட்டுக்கு சைல்டு சேஃப்டி கிட்: எது நின்னுச்சு, எது புட்டுக்கிச்சு

விடுமுறைக்கு சொந்தபந்தம் எல்லாம் ஒரே வீட்டுல கூடுறாங்க, அந்த வீடு உங்க வீடு, உங்க பசங்க ஸ்கூல் போற வயசுக்கு வந்தாச்சு, ஆனா வர்ற கூட்டத்துல தவழுறது ஒண்ணு, தத்தக்கா பித்தக்கான்னு நடக்குறது ஒண்ணு, எதைப் பாத்தாலும் வாயில போடுறது ஒண்ணுன்னு பொடிசுங்க இருக்குன்னா இந்த ரிவ்யூ உங்களுக்குத்தான். ஆன்லைன்ல பேபி ப்ரூஃபிங் கிட்னு தேடினா வருமே ஒரு பெரிய பெட்டி, காந்தப் பூட்டு, மூலைக்கு ஒட்டுற ரப்பர், பிளக் மூடி, பீரோவை சுவத்தோட கட்டுற பட்டை, டாய்லெட் மூடி பூட்டு, கதவுல மாட்டுற பஞ்சு, அடுப்பு குமிழ் மூடின்னு ஏகப்பட்ட சாமான் அடைச்சு, அதைத்தான் வாங்குனேன். கூடவே தனியா ஒரு கேட். பிராண்ட் பேர் போடல, ஏன்னா அதே சாமான் அதே போட்டோ, பேர் மட்டும் மாத்தி பத்து பேர் விக்கிறாங்க, நான் ஒரு பேரைச் சொல்லி நீங்க வேற பேர்ல வாங்குனாலும் உள்ள இருக்கறது ஒண்ணுதான்.

முதல்லயே தீர்ப்பைச் சொல்லிடுறேன், பொறுமை இல்லாதவங்க இத்தோட போயிடலாம். இந்த மாதிரி கிட் எல்லாம் ஒரு குழந்தை, அதைப் பாத்துக்கற ரெண்டு பெரியவங்க, அவ்வளவுதான் இருக்கிற வீட்டை மனசுல வெச்சு செஞ்சது. அந்த ரெண்டு பேருக்கும் எந்த டிராயர்ல பூட்டு இருக்கு, கேட்டை எப்படி தூக்கித் திறக்கணும்னு பழகிப்போயிருக்கும். கூட்டம் கூடுற வீட்டுல அப்படி இல்லைங்க. அங்க குழந்தை பூட்டைத் திறக்குறது கிடையாது, பெரியவங்க திறந்துட்டு அப்படியே விட்டுட்டுப் போறாங்க. அதனால ஒரு சாமான் நல்லதா இல்லையான்னு பாக்க நான் வெச்ச ஒரே கேள்வி, இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத மாமா ஒருத்தர் அவசரத்துல இந்த வழியா போனாலும் இது வேலை செய்யுமா? செஞ்சா பாஸ். இல்லன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் ஃபெயில்.

இந்தக் கேள்வியில முதல் மார்க் வாங்குனது பீரோவை, புக் ஷெல்ஃபை, டிவியை சுவத்தோட இழுத்துக் கட்டுற பட்டை. பாக்க ஒரு கவர்ச்சியும் இல்லாத சாமான், பெட்டியில அடியில கிடந்துச்சு. ஆனா ஒருதடவை ஸ்க்ரூ போட்டுட்டா அதுக்கு யாரோட ஒத்துழைப்பும் தேவையில்ல, அது இருக்குன்னே யாருக்கும் தெரியாது. பொடிசுங்க டிராயரை ஒண்ணொண்ணா இழுத்துவிட்டு படி மாதிரி ஏறுங்க, கீழ் டிராயர் எல்லாம் வெளிய வந்ததும் எடை முழுக்க முன்பக்கம் வந்து அப்படியே கவுந்துடும், உயரமா ஒல்லியா இருக்கிற எந்த சாமானுக்கும் இது பொருந்தும். கூட்டத்துல யாரும் பாக்காத அந்த ஒரு நிமிஷம் போதும். கிட்ல பிளாஸ்டிக் டேக் மாதிரி ஒரு ரகமும், உள்ள ஸ்டீல் கம்பி வெச்ச ஒரு ரகமும் வந்துச்சு, பிளாஸ்டிக்கை அப்படியே ஒதுக்கி வெச்சுட்டேன். பிளாஸ்டிக் வருஷக்கணக்கா வெயில்லயும் சூட்டுலயும் இருந்தா உடையற பக்குவத்துக்கு வந்துடும், பீரோ பின்னாடி இருக்கிறதை யாரு எட்டிப் பாக்கப் போறா. அப்புறம் கிட்ல குடுத்த ஸ்க்ரூ சுமார்தான். செங்கல் சுவரா, கான்கிரீட்டா, மரச்சட்டம் வெச்ச பலகை சுவரான்னு பாத்து அதுக்கு ஏத்த மாதிரி சுவத்து ஓட்டையில சொருகுற பிளக்கும் ஸ்க்ரூவும் ஹார்டுவேர் கடையில வாங்கிக்கோங்க. பலகை சுவர்னா உள்ள சட்டம் ஓடுற இடத்துலதான் போடணும், வெறும் பலகையில போட்டா பீரோ சாயும்போது பலகையோட சேந்து வரும். மேல் டிராயர்ல இருக்கிற கனமான சாமானை கீழ் டிராயருக்கு மாத்துறது, டிவி மேல ரிமோட்டோ பொம்மையோ வெக்காம இருக்கிறது, இது ரெண்டும் காசு செலவில்லாத வேலை, அதையும் கையோட முடிச்சுடுங்க.

ரெண்டாவது, கதவு மேல மாட்டுற பஞ்சு. சி எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும், கதவோட மேல் விளிம்புல சொருகிட்டா கதவு முழுசா சாத்தாது. இதோட விலைக்கும் இது செய்யற வேலைக்கும் சம்பந்தமே இல்ல. பசங்க ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்கு துரத்திக்கிட்டு ஓடும்போது முன்னாடி ஓடுறது கதவை அடிச்சு சாத்தும், பின்னாடி வர்றதோட விரல் இடுக்குல மாட்டும், இது எந்த வீட்டுல நடக்காம இருந்திருக்கு சொல்லுங்க. இன்னொரு லாபம், ஒண்ணரை ரெண்டு வயசு வாண்டு ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு திறக்கத் தெரியாம அலறுற கூத்தும் நடக்காது. கைக்கு எட்டுற உயரத்துல மாட்டாதீங்க, பிடுங்கி கடிச்சுடும், மேல மாட்டுங்க. ஒரே குறை, கீல் பக்கம் இருக்கிற இடுக்கை இது காப்பாத்தாது, அங்கதான் விரல் மோசமா நசுங்கும், அதுக்குன்னு நீளமா மடிப்பு மடிப்பா ஒரு பிளாஸ்டிக் ஷீட் தனியா விக்குது, அது இந்த பெட்டியில இல்ல. பாத்ரூம் கதவுல இந்தப் பஞ்சை மாட்டாதீங்க, வர்ற பெரியவங்க சங்கடப்படுவாங்க. அங்க வெளிப்பக்கம் உயரத்துல ஒரு சின்ன தாழ்ப்பாள் போட்டு, யாரும் உள்ள இல்லாதப்ப போட்டு வெக்கச் சொல்லி, பக்கெட்ல தண்ணி பிடிச்சு வெக்காம இருந்தா போதும். தலை கனமா இருக்கிற வயசுல பக்கெட்டுக்குள்ள குப்புற விழுந்துட்டா தானா எழுந்துக்க முடியாது, கொஞ்சூண்டு தண்ணி இருந்தாலும் ஆபத்து.

காந்தப் பூட்டுக்கு வர்றேன், விளம்பரத்துல ஹீரோ இதுதான். கபோர்டு உள்பக்கம் ஒட்டிடுவீங்க, வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒரு காந்தச் சாவியைக் கதவு மேல வெச்சாதான் திறக்கும். பூட்டா பாத்தா அருமையான பூட்டு, குறை சொல்ல முடியாது. ஆனா நாத்தனார் கிச்சன்ல உதவி பண்ண வந்து சிங்க் அடியில இருக்கிற கபோர்டை இழுக்குறாங்க, வரல. இன்னும் பலமா இழுக்குறாங்க. "என்னடி இது, ஒட்டிக்கிச்சா?"ன்னு ஒரு குரல். சாவி எங்கன்னு தேடுனா, அது காந்தம்ல, ஃப்ரிட்ஜோட பக்கவாட்டுல போயி ஒட்டிக்கிட்டு இருக்கு, யார் வெச்சாங்கன்னு தெரியல. கடைசியில யாரோ ஒரு புத்திசாலி பூட்டுக்குள்ள இருக்கிற ஆஃப் லீவரைக் கண்டுபிடிச்சு தள்ளிவிட்டுட்டாங்க, பெரும்பாலான மாடல்ல அது இருக்கு, தள்ளிட்டா பூட்டு பூட்டாது. அதுக்கப்புறம் அது வெறும் கபோர்டு. பூட்டு இருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்தது நான் மட்டும்தான்.

அதனால எல்லா கபோர்டுக்கும் மாட்டாதீங்க. கிளீனிங் ஆசிட், பிளீச், பாத்திரம் கழுவுற மிஷினுக்குப் போடுற அந்த கலர் கலரான சோப்பு உருண்டை, பாக்க மிட்டாய் மாதிரியே இருக்கும், இதெல்லாம் மொத்தமா தூக்கி ஒரே ஒரு உயர கபோர்டுல வெச்சு அதுக்கு மட்டும் பூட்டு போடுங்க. பிளீச்சும் ஆசிட் கிளீனரும் ஒண்ணோட ஒண்ணு கலந்தா குளோரின் வாயு வரும், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பாத்ரூமை பளபளன்னு ஆக்குறேன்னு ரெண்டையும் ஒரே நேரத்துல ஊத்தாதீங்க, இது குழந்தைக்கு இல்ல உங்களுக்கு. மத்த கபோர்டு எல்லாம் திறந்தே இருக்கட்டும், அதுல பிளாஸ்டிக் டப்பா மாதிரி உருட்டி விளையாடுற சாமானை வெச்சுட்டா பொடிசுக்கும் ஒரு கபோர்டு தன்னுதுன்னு ஆயிடும். ஒரு கபோர்டுதான் பூட்டுன்னா வர்றவங்க எல்லாருக்கும் சொல்லி வெக்கிறதும் சுலபம், "இதைத் தொடாதீங்க, வேணும்னா என்னைக் கேளுங்க"ன்னு ஒரே வாக்கியம்.

ஒட்டுறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இதை பெட்டியில பொடி எழுத்துல போட்டிருக்கான், யாரும் படிக்கிறதில்ல. இந்த வகை அக்ரிலிக் டபுள் டேப் ஒட்டுன உடனே முழு பலத்துக்கு வராது. சாதாரண அறைச் சூட்டுல 20 நிமிஷத்துல பாதி, ஒரு நாள்ல 90 சதவீதம், முழுசா பிடிக்க 72 மணி நேரம். காலைல விருந்தாளி வர்றாங்கன்னு முந்தின நாள் ராத்திரி ஒட்டுனா, யாராவது பலமா ஒரு இழு இழுத்ததும் கையோட வந்துடும், அப்புறம் டேப் சரியில்லைன்னு ஒரு ஸ்டார் குடுக்கறாங்க, கமெண்ட்ல பாதி அதுதான். ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்ல துடைச்சு காயவெச்சுட்டு ஒட்டுங்க, கிச்சன் கபோர்டுல கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு எப்பவும் இருக்கும்.

இப்ப குப்பை எதுன்னு பாப்போம். பிளக் பாயிண்ட்ல சொருகுற குட்டி பிளாஸ்டிக் மூடி. கூட்டம் கூடுற வீட்டுல எல்லார் கையிலயும் போன், எல்லாருக்கும் சார்ஜ் வேணும். வந்த உடனே மூடியைப் பிடுங்கி தரையில போட்டுட்டு சார்ஜரை சொருகுறாங்க, அவ்வளவுதான், பாயிண்ட் திறந்தாச்சு, கூடவே தரையில வாயில போடுற சைஸ்ல ஒரு சாமானும் வந்தாச்சு. ஒரு ஆபத்து போயி ரெண்டு ஆபத்து. உள்ளயே ஷட்டர், அதாவது பிளக் சொருகினாத்தான் ஓட்டையைத் திறக்கிற தடுப்பு, வெச்ச சாக்கெட் இருந்தா மூடியே தேவையில்ல, ஷட்டர் இல்லாத பழைய சாக்கெட்டுன்னா எடுத்ததும் தானா நகந்து மூடிக்கிற ஸ்லைடிங் பிளேட் போடுங்க. இல்லன்னா பீரோ சோஃபான்னு கனமான எதையாவது முன்னாடி நகத்தி வெச்சுட்டு, சார்ஜ் போடுறதுக்குன்னு உயரமா ஒரு மேஜையில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வெச்சு "எல்லாரும் இங்கதான்"னு சொல்லிடுங்க, சார்ஜர் வயரும் காலைத் தடுக்காது.

டாய்லெட் மூடி பூட்டு. இதை யார் யோசிச்சாங்கன்னு தெரியல. நடுராத்திரி பாட்டி எழுந்து பாத்ரூம் போயி லைட்டும் சரியா இல்லாம அந்தப் பூட்டோட மல்லுக்கட்டுறதை நினைச்சுப் பாருங்க. மாட்டவே இல்ல, பெட்டியிலயே இருக்கு.

மேஜை மூலைக்கு ஒட்டுற ரப்பர் ரெண்டுங்கெட்டான். கண்ணாடி மேஜை, கூர்மையான மரமூலை இருந்தா உதவும், ஆனா பல்லு முளைக்கிற வயசுல இருக்கிறது அதைப் பிச்சு எடுத்து கடிக்கும். அதை விட சென்டர் டேபிளையே தூக்கி ஒரு ரூம்ல போட்டு மூடிட்டா, கூட்டத்துக்கு உக்கார இடமும் கிடைக்கும். அடுப்பு குமிழ் மூடியும் அப்படித்தான், அத்தனை பேருக்கு சமைக்கிற அவசரத்துல யாரு ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து மூடிக்கிட்டு இருப்பா. நிறைய அடுப்புல குமிழையே இழுத்தா கழண்டு வந்துடும், சமையல் முடிஞ்சதும் கழட்டி மேல வெச்சுட்டா போச்சு.

இனி இந்தப் பெட்டியில எனக்கு ரொம்பப் பிடிச்ச சாமான். இலவசமா வந்துச்சு, முதல்ல என்னன்னே புரியல, ஒரு குட்டி பிளாஸ்டிக் குழாய், அடிப்பக்கம் சரிவா இருக்கும். பொம்மை கம்பெனிங்க டெஸ்ட்டுக்கு வெச்சிருக்கிற உருளையோட நகல் அது. அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டு பக்கமும் இதே அளவுதான், விட்டம் 31.7 மில்லிமீட்டர், ஆழம் ஒரு பக்கம் 25.4, இன்னொரு பக்கம் 57.1. மூணு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்குத் தொண்டையில அடைச்சுக்கிற சைஸ் எதுன்னு பாக்க வெச்ச அளவு. அமுக்காம வெச்சா எந்தப் பக்கம் திருப்பியாவது முழுசா உள்ள போயிடுச்சுன்னா அந்த சாமான் பொடிசு கைக்குப் போகக்கூடாது.

இதை ஏன் இவ்வளவு தூக்கி வெச்சுப் பேசறேன்னா, வீட்டைத் தயார் பண்றது ஒரு பக்கம், நம்ம பசங்களைத் தயார் பண்றது இன்னொரு பக்கம், அதுதான் கஷ்டமான பக்கம். "குட்டிப் பாப்பா வருது, உன் சாமானை எல்லாம் எடுத்து மேல வை"ன்னு சொன்னா எந்தப் பிள்ளை கேக்கும்? சின்னவன் மூஞ்சியைத் தூக்கிவெச்சுக்கிட்டான், "என் வீடு, என் பொம்மை, அவங்கதானே வர்றாங்க"ன்னான். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல எனக்கே கஷ்டமா இருந்துச்சு. இந்தக் குழாயைக் கையில குடுத்து "நீதான் இன்ஸ்பெக்டர், இதுக்குள்ள போற எல்லாத்தையும் பிடி"ன்னு விட்டதும் ஆளே மாறிட்டான். அம்மா எடுத்து வெக்கச் சொன்னாத்தான் சண்டை, குழாய் சொன்னா சண்டை இல்ல. பெரியவளும் சேந்துக்கிட்டா, ரெண்டு பேரும் தரையில குப்புறப்படுத்து சோஃபா அடியில, கட்டில் அடியில, ஜன்னல் ஓரம்னு தவழ்ந்து தவழ்ந்து தேடுனாங்க. கோலி, பாசி, பிளாக் துண்டு, பேனா மூடி, காசு, ஹேர் கிளிப்பு, எப்பவோ தொலைஞ்ச கம்மல் திருகாணி வரைக்கும் வந்துச்சு. தவழுற குழந்தையோட கண் உயரத்துக்கு இறங்கினாத்தான் அது பாக்குற வீடு நமக்குத் தெரியும், நின்னுக்கிட்டுப் பாத்தா சுத்தமா இருக்கிற வீடு கீழ வேற மாதிரி இருக்கு.

இதுல உச்சகட்டம் என்னன்னா, பெரியவ சும்மா இல்லாம கிட்ல வந்த சாமானையே எடுத்துப் போட்டுப் பாத்தா. பிளக் மூடி குழாய்க்குள்ள அழகா உக்காந்துடுச்சு. கிட் அதோட சொந்த டெஸ்ட்டுலயே ஃபெயில். அந்த மூடி எல்லாம் அன்னிக்கே குப்பைக்குப் போயிடுச்சு.

குழாயை மட்டும் நம்பாதீங்க, அதுக்கும் ஓட்டை இருக்கு. பந்து மாதிரி உருண்டையா இருக்கிறது குழாய்க்குள்ள போகாத சைஸா இருந்தாலும் தொண்டையை அப்படியே சீல் வெச்ச மாதிரி அடைக்கும், அதனாலதான் மூணு வயசுக்குக் கீழ குடுக்கிற பந்துக்கு அமெரிக்க விதியில தனியா 44.4 மில்லிமீட்டர்னு ஒரு பெரிய அளவு இருக்கு. ஊதாத பலூன், வெடிச்ச பலூன் துண்டு, இது ரெண்டும் இன்னும் மோசம், மெல்லிசா இருக்கிறதால தொண்டையில ஒட்டிக்கும். அலங்காரத்துக்கு பலூன் கட்டுனா வெடிச்ச துண்டை பொறுக்குறது யார் பொறுப்புன்னு ஒரு பெரிய பிள்ளைகிட்ட குடுத்துடுங்க. அப்புறம் பொம்மையில வர்ற குட்டி குட்டி பலமான காந்தம், ஒண்ணுக்கு மேல முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும், நடுவுல மாட்டுற குடல் கிழியும். அந்த செட்டு வீட்டுல இருந்தா கூட்டம் கிளம்பற வரைக்கும் பூட்டி வெச்சுடுங்க.

பட்டன் பேட்டரியைப் பத்தி தனியா சொல்லணும். கிட்ல இதுக்கு ஒண்ணுமே இல்ல, இதுதான் பெரிய குறை. சிஆர்2032ன்னு போட்டிருக்குமே, 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட், அது உணவுக்குழாயில மாட்டுனா 2 மணி நேரத்துக்குள்ளயே புண்ணாக்கிடும். பேட்டரி ஒழுகுனாத்தான் ஆபத்துன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஒழுகவே வேண்டாம், ஈரமான சதையில பட்டதும் கரண்ட் ஓடி அந்த இடத்துல காரம் உண்டாகி வெந்து போகுது. காலியான பேட்டரின்னு தூக்கிப் போட்டதுலயும் அதுக்குப் போதுமான சார்ஜ் இருக்கும். விசேஷ நேரத்துல வீட்டுக்குள்ள புதுசா வர்ற சாமான்ல பாதி இதுலதான் ஓடுது, மினுக்குற பிளாஸ்டிக் மெழுகுவத்தி, பாட்டு பாடுற வாழ்த்து அட்டை, லைட் எரியற பொம்மை, ரிமோட். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க, விரலாலயே திறக்குதுன்னா அந்த சாமான் வேண்டாம். முழுங்கியிருக்கும்னு சந்தேகம் வந்தாலே பொறுத்துப் பாக்கலாம்னு உக்காராம, வாந்தி எடுக்க வெக்காம, நேரா ஆஸ்பத்திரி.

கிட்ல இல்லாத இன்னொண்ணு, அதுவே இந்தக் கூட்டத்துக்கு நான் பண்ணதுல உருப்படியானதுன்னு நினைக்கிறேன், வாசலுக்குப் பக்கத்துல நம்ம தலை உயரத்துல வரிசையா கொக்கி. வர்றவங்க பை எல்லாம் அதுல. ஏன்னா நம்ம வீட்டு மருந்தை நாம மேல வெச்சுடுவோம், விருந்தாளி பையில இருக்கிற மருந்து? தாத்தாவோட பிரஷர் மாத்திரை, பாட்டியோட சுகர் மாத்திரை, நாள் நாளா பிரிச்சு வெச்ச டப்பா, ஒரு தட்டு தட்டுனா திறக்கும், பை கட்டில் மேல இல்லன்னா தரையில. குழந்தை திறக்க முடியாத மூடின்னு போட்டிருக்கேன்னு சொல்லாதீங்க, அந்த மூடிக்கு அமெரிக்காவுல வெக்கிற டெஸ்ட்டே மூணரையிலேருந்து நாலேகால் வயசு வரைக்குமான பிள்ளைங்ககிட்ட குடுத்து, முதல் 5 நிமிஷத்துல 85 சதவீதம் பேர் திறக்காம இருந்தா போதும், அப்புறம் எப்படி திறக்குறதுன்னு காட்டிட்டு இன்னும் 5 நிமிஷம் குடுத்து மொத்தத்துல 80 சதவீதம் பேர் திறக்காம இருந்தா பாஸ். அப்படின்னா அஞ்சுல ஒண்ணு திறக்கலாம்னு அவங்களே ஒத்துக்கறாங்க. மாமனார்கிட்ட போயி "மாமா, உங்க மாத்திரை டப்பாவை இங்க குடுங்க"ன்னு கேக்க எனக்கும் தயக்கமாத்தான் இருந்துச்சு, "பை எல்லாம் இங்க மாட்டுங்க, இடம் அடையுது"ன்னு பொதுவா சொன்னா யாருக்கும் மனசு நோகாது, வேலையும் முடிஞ்சுடும். இதுவும் என் மாமா டெஸ்ட்டுல பாஸ், கொக்கியைப் பாத்தா எல்லாருக்கும் தானா பை மாட்டத் தோணும், யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பசங்க விஷயத்துல இன்னும் ஒண்ணு. குழாயில போகாத பொம்மையிலயும் சிலது அதுங்களுக்கு உசுரு. எல்லாத்தையும் பகிர்ந்துக்கணும்னு பாடம் எடுக்காம, ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டி குடுத்து "யாருக்கும் குடுக்க இஷ்டம் இல்லாததை இதுல போட்டு உங்க அலமாரில வெச்சுக்கோங்க, மிச்சம் எல்லாம் எல்லாருக்கும்"னு சொல்லிட்டேன். வெளிய இருக்கிறதுக்கு பெருசா சண்டை வரல. ஒரு அத்தை "இதெல்லாம் பழக்குனா பிள்ளை சுயநலமா வளரும்"னாங்க. நம்ம போனை ஊருக்கே குடுப்போமான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல.

கேட்டுக்கு வருவோம். தனியா வாங்குனது, ரெண்டு பக்கச் சுவத்துக்கும் நடுவுல முட்டுக்குடுத்து நிக்கிற மாடல், டிரில் தேவையில்ல. கிச்சன் வாசலுக்கு ஓகே. ஆனா இந்த மாடலை மாடிப்படி மேல் பக்கம் போடவே கூடாது, பெட்டியிலயே பெருசா எழுதியிருப்பான், ஒரு குழந்தை மேல மொத்தமா சாஞ்சா நழுவிடும், கீழ குறுக்க ஓடுற கம்பியில பெரியவங்க கால் தடுக்கி படியில உருளுவாங்க. படி மேல ஸ்க்ரூ போட்டு சுவத்துல முடுக்குற மாடல்தான், அதுவும் படிப்பக்கம் திறக்காத மாதிரி. கிச்சன் வாசல்லயும் கூட்டம் இருக்கும்போது என்ன ஆச்சுன்னா, ஆம்பளைங்க எல்லாம் திறக்கப் பொறுமை இல்லாம தாண்டிப் போறாங்க, பெரியம்மா திறந்துட்டு சாத்தாம போறாங்க, ஆக மொத்தம் கேட் பாதி நேரம் திறந்துதான் கிடந்துச்சு. தானா சாத்திக்கிற ஸ்பிரிங் வெச்ச மாடல் இருக்கு, கொஞ்சம் கூட காசு, கூட்டம் வர்ற வீடுன்னா அதுக்கே போங்க. உயரம், குழந்தையோட உயரத்துல முக்கால்வாசியாவது இருக்கணும், இந்த கேட் எல்லாம் 6 மாசத்துலேருந்து 2 வயசு வரைக்கும்தான் கணக்கு, அதுக்கு மேல இருக்கிறது ஏறி அந்தப் பக்கம் குதிச்சுடும், அது கேட் இல்லாததை விட மோசம். ராத்திரி பெரியவங்க நடமாடுற வழியில கேட் இருந்தா கீழ ஒரு குட்டி நைட் லேம்ப் போட்டு வைங்க.

கைக்குழந்தையைப் படுக்க வெக்கிற விஷயத்துல கிட்டுக்கு சம்பந்தம் இல்லன்னாலும் சொல்லிடுறேன், இடம் பத்தலைன்னு காத்தடிக்கிற மெத்தையில பெரியவங்களுக்கு நடுவுல பச்சைக்குழந்தையைப் போடாதீங்க, மெத்தை அமுங்குற பள்ளத்துல மூஞ்சி புதைஞ்சு மூச்சு முட்டும். கெட்டியான தட்டையான தனி இடம், தலைகாணி கம்பளி எதுவும் பக்கத்துல வேண்டாம்.

மார்க் போடணும்னா, மொத்தப் பெட்டிக்கு 5க்கு ரெண்டரை. பட்டை, கதவுப் பஞ்சு, குழாய் மூணுக்கும் முழு மார்க், காந்தப் பூட்டு ஒரே ஒரு கபோர்டுக்குன்னா 4, கூட்டம் மொத்தத்துக்கும்னா 2, மத்தது எல்லாம் சும்மா எண்ணிக்கை காட்ட அடைச்சது. பெட்டியா வாங்காம இந்த நாலு சாமானை தனித்தனியா வாங்கிக்கோங்க, விலையும் கம்மியா வரும்.

எல்லாரும் ஊருக்குப் போனதுக்கப்புறம் கழட்டுறது எப்படின்னு கேப்பீங்க. பூட்டை கத்தி வெச்சு நெம்பாதீங்க, பெயின்ட்டோட பேந்து வரும். ஹேர் டிரையர்ல சூடு காட்டி, டேப்புக்கும் கதவுக்கும் நடுவுல பல் இடுக்கு சுத்தம் பண்ற நூலையோ மெல்லிசான நைலான் நூலையோ விட்டு ரம்பம் மாதிரி இழுத்தா வந்துடும், மிச்ச பிசினை ஸ்பிரிட்ல துடைச்சா போகும். சுவத்துல போட்ட பட்டையை மட்டும் கழட்டாதீங்க, உங்க வீட்டுலயே அலமாரி மேல ஏறி எதையாவது எடுக்கப் பாக்குற வயசுல ஒண்ணு இருக்கும். கேட் ஆர்டர் பண்றவங்க வாசல் அகலத்தை மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளந்துட்டு அதுல குறைஞ்ச அளவை வெச்சு பாருங்க, கீழ சுவத்தோரம் டைல்ஸ் பட்டை ஓடுற வீட்டுல அங்க அகலம் குறையும், எக்ஸ்டென்ஷன் துண்டு பெரும்பாலும் தனியாத்தான் விக்கிறான், அதையும் சேத்தே போட்டுடுங்க.